வேலியிலிருந்து நாற்பது தப்படி

அத்தியாயம் 14

வெர்லீன் ஸ்ட்ரிக்லாண்ட் உருளைக்கிழங்கு சாலட் கிண்ணத்தோடு கொசுவலைக் கதவுக்குப் பின்னால் நின்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கிண்ணத்தை அவள் இன்னும் கழுவவில்லை. கழுவினால் கோபமும் ஆறிப்போய்விடுமோ என்ற பயம்தான்.

ஒன்பது நாளாயிற்று. கிண்ணம் சமையலறை மேடையில் உட்கார்ந்திருக்கிறது. தினமும் காலையில் காபி போடும்போது அதை ஒரு முறை பார்ப்பாள். அண்ணன் ஹோய்ட் தன் பிறந்த நாள் விருந்தில், மூன்றாவது பீரில், சிநேகிதர்களிடம் சொன்னது அப்படியே காதில் திரும்பும்.

"அப்பா நிலத்த நாங்க சீட்டுப் போட்டுத்தாம்ப்பா பிரிச்சோம். ரொம்ப நியாயமா. ரெண்டு சீட்டுலயும் 'கிழக்குப் பாதி'ன்னு எழுதிட்டு, 'நீ சின்னவ, நீயே மொதல்ல எடு'ன்னேன். வேலியிலருந்து மேற்கால நாப்பது தப்படியில அப்பா மூடின குழி அவ தலையில. நல்ல மண்ணு எனக்கு."

தன்னை முதலில் எடுக்க விட்ட அண்ணனின் பெருந்தன்மையைப் பதினோரு வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் வெர்லீன். அதுதான் அதிகமாக எரிந்தது.

குழி என்றால் கோழி கிளறிய குழி இல்லை. ஃப்ளோரிடாவின் ஹெர்னாண்டோ வட்டாரத்தில் நிலம் என்பது பொத்தல் விழுந்த சுண்ணாம்புக் கல் மேல் விரித்த போர்வை. அடியில் தண்ணீர் கல்லைக் குடைந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் போர்வை உள்ளே போகும். போர்வைமேல் இருப்பதும் கூடவே போகும். ஒரு பாப்டிஸ்ட் பாதிரியார் தாழ்மையைப் பற்றி நாற்பது நிமிஷம் பிரசங்கம் செய்துவிட்டுப் பார்த்தால், மேடை மூன்று படி கீழே இறங்கியிருந்தது. அன்றைக்கு ஞானஸ்நானத்துக்கு எட்டுப் பேர் முன்வந்தார்கள்.

ஹோய்ட்டுக்குப் பதினாறு வயதானபோது அப்படி ஒரு குழி அவர்கள் நிலத்தில் வாயைத் திறந்தது. எட்டு வயது வெர்லீன் அப்போது அம்மை போட்டு ஒக்காலாவில் அத்தை வீட்டில் கிடந்தாள். அப்பா ஆர்லிஸ் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிலத்துக்கு விலை போகாது. அதற்குத் தீனி போட்டார். இரண்டு ஐஸ்பெட்டி, ஒரு சலவை இயந்திரம், ஓட்டை மீன்படகு, பச்சை நிற ஸ்டேஷன் வேகன் ஒன்று, பதினொரு லாரி அழுகின ஆரஞ்சு, கடைசியாக மைத்துனியின் பியானோ. பியானோ உள்ளே போனதும் குழிக்கு வயிறு நிரம்பியது. மேலே புல்லைப் பதித்துவிட்டு மகன் காதில் சொன்னார்:

"வேலியிலருந்து மேற்கால நாப்பது தப்படி. மறக்காதே. வாயையும் திறக்காதே."

மறு வருஷம் ஹோய்ட் கடற்படைக்குப் போனான். இருபது வருஷம் ஏழு கடலும் சுற்றினான். நாற்பது தப்படியை மட்டும் மறக்கவில்லை.

போன வாரம் வீட்டு இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும் காகிதம் வந்தபோது, குழிக்கான கூடுதல் காப்பீடு வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. வெர்லீன் 'வேண்டும்' கட்டத்தில் போட்ட குறி காகிதத்தைத் தாண்டி மேஜை மரத்தில் பதிந்தது.

இன்று செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நிலம் பார்க்க ஆள் வருகிறான்.

ஒன்பதே காலுக்கு மகள் ட்வைலா வந்தாள். ஊருக்குள் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஆபீசில் வேலை. அந்தக் கிழிந்த காகிதம் அவள் மேஜைக்குத்தான் போய்ச் சேர்ந்திருந்தது.

"அம்மா, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லிரு."

"வரட்டும்."

"இந்தக் கிண்ணத்த மொதல்ல கழுவும்மா, நாத்தம் தாங்கல."

"அது இருக்கட்டும்."

ட்வைலா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஊர்ல எல்லாரும் குழி இன்ஷூரன்ஸ் எதுக்கு எடுக்கறாங்க? வீட்டக் காப்பாத்த. நீ எதுக்கு எடுக்கற?"

"உங்க மாமன் வீட்டக் கவுக்க."

"அப்ப உனக்கு அது தேவையில்ல."

"ஏன், சாதா பாலிசியிலயே நிலம் இடிஞ்சா காசு வருமா?"

"வரும். ஆனா நாலும் நடக்கணும். நிலம் திடீர்னு இடியணும். பள்ளம் கண்ணுக்குத் தெரியணும். அஸ்திவாரம் உடையணும். அதுக்கப்புறம் கவுண்டி சர்க்கார் ஆளு வந்து, இதுல மனுசன் குடியிருக்கக் கூடாதுன்னு கதவுல நோட்டீஸ் ஒட்டணும். மூணு நடந்தா போதாது."

"பாதி வீடு விழுந்தா?"

"மிச்சப் பாதியில உக்காந்து அழலாம். சுவத்துல விரிசல், தரை சாயறது, இதுக்கெல்லாம் தனியா எடுக்கற குழி இன்ஷூரன்ஸ்தான். அதுலயும் வீட்டு மதிப்புல பத்துல ஒரு பங்கு நம்ம கையிலருந்து போகும்."

வெர்லீன் சமையலறைக் கதவுக்கு மேலே மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் ஒரு விரிசல் இருப்பது இருவருக்கும் தெரியும். போன வருஷம் சின்ன நாள்காட்டி போதுமாயிருந்தது.

"சரி, வர்றவன் குழியக் கண்டுபிடிச்சா?"

"இன்ஷூரன்ஸ் கிடையாது. வீட்டுக்குப் பேரும் போச்சு. எப்ப விக்கப் போனாலும் இங்க குழி இருக்குன்னு நம்ம வாயாலயே சொல்லணும், அதான் சட்டம். யாரு வாங்குவா? இருபத்தாறு வருசம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக் கட்டின வீடும்மா. உனக்கு வேற என்ன இருக்கு?"

"பக்கத்து வீட்டுக்காரனும் சொல்லணுமா?"

"தெரிஞ்சா அவரும் சொல்லணும்," என்றாள் ட்வைலா. மிச்சிகன்காரர் ஒருவர் ஹோய்ட் வீட்டை வாங்குவதாகப் பேச்சு முடிந்திருந்தது. வெள்ளிக்கிழமை கையெழுத்து. இன்று மூன்று மணிக்குக் கடைசியாக ஒரு தடவை பார்க்க வருகிறார்கள்.

"என் வீடு போனா போகுது. அவன் வெள்ளிக்கிழமையும் போகணும்," என்றாள் வெர்லீன், காபியைக் கலக்கிக்கொண்டே.

"கத்தாத. கிழக்கு வீட்டு ப்ரூயிட் தாத்தா வெளிய செடி வெட்டிட்டிருக்காரு."

"அவருக்குப் பக்கத்துல பீரங்கி வெடிச்சாலும் கேக்காது."

"பெரிய பொண்ணு ஏதோ புதுக் காதுக் கருவி வாங்கிக் கொடுத்திருக்கான்னு சொன்னாங்க."

வெர்லீனுக்கு அப்போது ப்ரூயிட்டின் காதைப் பற்றிக் கவலைப்பட நேரம் இல்லை. வாசலில் ஹோய்ட் நின்றான்.

*

கையில் செய்தித்தாளில் சுற்றிய புகைபோட்ட மடவை மீன். ஹோய்ட் மீனோடு வந்தால் ஏதோ கேட்க வருகிறான் என்று அர்த்தம். அம்மாவின் தையல் இயந்திரத்தை இரண்டு மீனுக்கு வாங்கிப் போனவன்.

"வெர்லீ, காலையிலதான் புகையிலருந்து எடுத்தேன். மருமகளே, நீயும் இருக்கியா, நல்லதாப் போச்சு. யாரோ நிலம் பாக்க வர்றானாமே?"

"யாரு சொன்னா?"

"உங்க அண்ணிதான். ஊர்ல பேசிக்கறாங்களாம்." உட்கார்ந்தான். கிண்ணத்தின் வாசனை வந்ததும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். "எதுக்கு உனக்கு இந்த வேண்டாத செலவு? குழி இன்ஷூரன்ஸ் எல்லாம் பயந்தாங்கொள்ளிங்க எடுக்கறது. நான்கூட வச்சிருந்தேன். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வெட்டி எறிஞ்சேன். அந்தக் காசுலதான் நீச்சல் குளத்துக்குள்ள கலர் விளக்கு போட்டது."

"உனக்குக் குழி பயம் இல்லையாண்ணே?"

"எனக்கு எதுக்கு?" சொல்லிவிட்டு மீனைப் பிரிப்பதில் மும்முரமானான். "அதாவது... நம்ம ரெண்டு பேருக்குமே எதுக்குங்கறேன்."

வெர்லீன் ஒரு துண்டு மீனை எடுத்து வாயில் போட்டாள். நன்றாகத்தான் இருந்தது. அயோக்கியனுக்கு மீன் புகைபோட மட்டும் நன்றாக வரும்.

"வெள்ளிக்கிழமை வரைக்குமாவது பொறு," என்றான் குரலைத் தாழ்த்தி. "அப்புறம் நீ ஆளக் கூப்பிட்டுத் தோண்டு, குடை, என்ன வேணா பண்ணு. தங்கச்சிதானே, ஒரு உதவி."

"மொதல்ல நீ என்னைய எடுக்கச் சொன்னியே அண்ணே, சீட்டு. அத நான் மறப்பேனா?"

"அதான பாத்தேன்!" முகம் மலர்ந்தது. "ரத்தம் தண்ணியாயிடுமா?"

"ஆகாது. அந்த நன்றிக்குத்தான் வர்றவன மொதல்ல நம்ம எல்லையோரமாப் பாக்கச் சொல்லியிருக்கேன். மீனுக்கு நன்றி. அண்ணியக் கேட்டேன்னு சொல்லு."

ஹோய்ட் எழுந்தபோது நாற்காலி விழுந்தது. அவன் அதை எடுத்து வைக்கவில்லை.

*

நிலம் பார்க்க வந்தவர் பெயர் கின்டெரோ. ஒல்லியான மனிதர். தரையைப் பார்த்துப் பார்த்து நடந்து, முப்பது வருஷத்தில் அவர் தலை நிரந்தரமாகவே கீழே பார்க்கும்படி அமைந்துவிட்டது. மனைவியின் முகத்தைவிடக் காலணிகள் அவருக்கு நன்றாகத் தெரியும் என்று ஊரில் சொல்வார்கள்.

முதலில் வீட்டுக்குள் வந்தார். தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தார். குண்டு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது. நாள்காட்டியைத் தூக்கி விரிசலைப் பார்த்தார். வெளியே போய் ஓக் மரத்தைப் பார்த்தார்.

"வேரு," என்றார். "குழி இல்ல. இந்த மரம் உங்க சமையக்கட்டத் தள்ளுது."

"நீங்க தோட்டத்துப் பக்கம் வாங்க," என்றாள் வெர்லீன்.

ட்வைலா அவள் கையைப் பிடித்தாள். "அம்மா. கடைசியாக் கேக்கறேன்."

வெர்லீன் கையை விடுவித்துக்கொண்டாள். கிழக்கு வேலிக்குப் போனாள். அங்கிருந்து மேற்கே திரும்பி, அப்பாவின் நடை அளவுக்குக் காலை எட்டி வைத்து, எண்ணிக்கொண்டே நடந்தாள். வீட்டைச் சுற்றி, துணிக்கொடியைத் தாண்டி, நாற்பதாவது தப்படியில் அவளுடைய சாமந்திப் பாத்தி. எல்லைப் புதர் வேலிக்குப் பத்தடி இந்தப் பக்கம். அந்த இடத்தில் பத்து வருஷமாகப் பூ வைத்திருக்கிறாள் என்று நினைத்தபோது பல்லைக் கடித்தாள்.

"இங்க குத்துங்க."

கின்டெரோ இரும்புக் கம்பியை ஊன்றினார். மூன்றடி இறங்கியது. டங் என்று நின்றது.

"கல்லு."

"கொஞ்சம் தள்ளிக் குத்துங்க."

டங்.

"இந்தப் பக்கம்."

டங்.

"கம்பி சரியில்லையோ?"

கின்டெரோ முப்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி ஒரு வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தார். குழி இல்லை என்று அவர் சொன்னால் ஜனங்கள் சந்தோஷத்தில் அழுவார்கள், கட்டிப்பிடிப்பார்கள், ஒரு அம்மாள் எலுமிச்சை கேக் சுட்டுக் கொடுத்தாள். குழி இல்லை என்றதற்குச் சண்டைக்கு வந்தவள் இவள் ஒருத்திதான்.

"அம்மா, ஹெர்னாண்டோவுல இப்படி ஒரு மண்ண நான் பாத்ததில்ல. இது மேல நீங்க கப்பல்கூட நிறுத்தலாம்."

"இங்கதான் இருக்கணும்! நாப்பது தப்படி!"

அவர் கம்பியை இழுத்துக்கொண்டு எல்லையோரமாகப் போனார். புதர்வேலியின் அடியில், பழக்கதோஷத்தில், கம்பியைச் சும்மா சாய்வாக ஊன்றினார். கம்பி போய்க்கொண்டே இருந்தது. கைப்பிடி தரையில் இடித்தபோதுதான் நின்றது. சத்தமே இல்லை.

"இது யார் பக்கம்?"

"எங்க அண்ணன் பக்கம்."

புதருக்கு அந்தப் பக்கம், எட்டடி தூரத்தில், ஹோய்ட்டின் நீச்சல் குளம் நீலமாகப் பளபளத்தது. அண்ணி மார்வெல்லின் காற்றடைத்த ரோஸ் நிற நாரை அதில் மிதந்தது. குளத்துக்குள் தோட்டக் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக இரவும் பகலும் ஓடுகிறது. வெயிலில் ஆவியாகிறது என்று ஹோய்ட் சொல்வான்.

"அங்க எனக்கு வேலை இல்ல," என்றார் கின்டெரோ, கம்பியைத் துடைத்தபடி. "உங்க பக்கம் சுத்தம். அத எழுதறேன். ஆனா அந்தக் குளத்துல நான் குளிக்க மாட்டேன்."

வெர்லீன் சாமந்திப் பாத்தியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாத்தியிலிருந்து குளத்தைப் பார்த்தாள். மறுபடி பாத்தி, மறுபடி குளம். பதினெட்டு அடி இருக்கும்.

பதினெட்டு.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

ஹோய்ட் கடற்படைக்குப் போன கோடையில் ஆரம்பித்தது அது. கிழக்கே பக்கத்து நிலம் எல்வுட் ப்ரூயிட்டுடையது. ஒஹாயோக்காரர், கொத்தனார். பனிக்காலத்தில் அங்கே செங்கல் வேலை கிடையாது என்று அக்டோபரில் வருவார், ஏப்ரலில் போய்விடுவார். அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் அப்பா வேலியைப் பிடுங்கி ஓரடி கிழக்கே தள்ளி நடுவார். வருஷத்துக்கு ஒரே ஓரடி. பேராசை பிடித்த மனிதர் இல்லை. நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது வெர்லீன். ஓரடிக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய் கூலி. ஏழாவது வருஷம் ப்ரூயிட்டின் கிரேப்ஃப்ரூட் மரம் வேலிக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. மரங்கள் நடக்காது என்று ஒஹாயோவில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஃப்ளோரிடாவில் எப்படியோ என்று அந்த மனிதர் கேட்காமல் இருந்துவிட்டார். பதினெட்டு வருஷம் நடந்தது. அப்புறம் அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் நின்றது. மனசாட்சி உறுத்தியதாக யாரும் சொன்னதில்லை.

ஆர்லிஸ் ஸ்ட்ரிக்லாண்ட் நிலத்தைப் பிள்ளைகளுக்கு விடுமுன்பே பாவத்தைப் பங்கு வைத்துவிட்டார். குழி மகனுக்கு, வேலி மகளுக்கு. ஒருத்தர் பங்கு இன்னொருத்தருக்குத் தெரியாது. கடலிலிருந்து திரும்பி வந்த ஹோய்ட், பதினெட்டு அடி நகர்ந்துபோன வேலியிலிருந்து நாற்பது தப்படி எண்ணி, குழி தங்கச்சி பக்கம் என்று முடிவு கட்டினான். சீட்டில் தில்லுமுல்லு செய்து குழியைத் தானே வாங்கிக்கொண்டான். அதன் தலையில் நீச்சல் குளத்தைக் கட்டினான். இன்ஷூரன்ஸையும் வெட்டினான்.

ட்வைலாவிடம் இதை எல்லாம் வெர்லீன் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. நடுநடுவே சிரிப்பு வந்து தடுத்தது.

"அப்ப உனக்குக் குழி இன்ஷூரன்ஸ் தேவையே இல்லம்மா. மண்ணு கல்லு மாதிரி இருக்கு. வேண்டாம்னு போட்டுரவா?"

"இப்பதான்டி தேவை. எட்டடிக்கு அந்தப் பக்கம் ஒரு குழி. அது மேல ஒரு குளம் தண்ணி. அது பக்கத்துல உங்க மாமன். இங்க வந்து எட்டிப் பாக்க எத்தன நாளாகும்? காலையில நான் கேட்டது அவன் வீட்டக் கவுக்க. இப்ப கேக்கறது என் வீட்டக் காப்பாத்த. பேனாவக் கொடு."

இந்த முறை கையெழுத்து அழகாக வந்தது.

"மாமாகிட்டச் சொல்லணும்மா. இப்பவே."

"சொல்லுவேன். மூணு மணிக்கு."

"வாங்க வர்றவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

"அவங்க மேல எனக்கு என்ன கோபம்? கையெழுத்துப் போடறதுக்கு மூணு நாள் முன்னாடி சொல்றேன். புண்ணியம்தான். ஆனா அவன் மொகத்த நான் பக்கத்துலருந்து பாக்கணும்."

*

மூன்று மணிக்கு வெர்லீன் மடக்கு நாற்காலியை எல்லையோரம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கையில் சர்க்கரை போட்ட ஐஸ் டீ. மடியில் கிண்ணம். மகளைப் பின்னால் நிற்கச் சொன்னாள்.

மிச்சிகன்காரர்களான வாண்டர்மியூலன் தம்பதி வந்தார்கள். அந்த அம்மாள் கையில் கேள்விகள் எழுதிய காகிதம். ஹோய்ட் அவர்களைக் குளத்தைச் சுற்றி அழைத்துவந்தான். வெர்லீனைப் பார்த்ததும் பல்லைக் காட்டினான். கின்டெரோவின் வண்டி போனதை அவன் ஜன்னலிலிருந்து பார்த்திருந்தான். தங்கச்சி தரையில் உட்கார்ந்ததையும் பார்த்திருந்தான். அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

"இங்க எல்லாம் குழி விழும்ங்கறாங்களே," என்றாள் அந்த அம்மாள். "அதுக்குன்னு தனி இன்ஷூரன்ஸ் இருக்காமே. நாங்க எடுக்கணுமா?"

"அம்மா, நான் கடல்ல இருபது வருசம் இருந்தவன். ஆட்டம் காணாத தரை எதுன்னு என் காலுக்குத் தெரியும்." ஹோய்ட் குதிகாலால் சிமெண்டைத் தட்டிக் காட்டினான். "நானே வச்சிருந்தத வெட்டிட்டேன்னா பாத்துக்கோங்க. ஒருவேளை குழின்னு ஒண்ணு இந்தப் பக்கத்துல இருந்தா..." புதரைத் தாண்டிச் சாமந்திப் பாத்தியைக் கண்ணால் காட்டி, குரலைக் குறைத்தான். "...அது நம்ம வேலிக்கு அந்தப் பக்கம். பாவம், என் தங்கச்சி. வெளிய சொல்லாதீங்க."

வெர்லீன் எழுந்தாள்.

"அண்ணே, இந்தக் கிண்ணம் ஞாபகம் இருக்கா?"

"என்ன கிண்ணம்?"

"உன் பிறந்த நாளுக்கு நான் கொண்டு வந்தது. நீ சீட்டுக் கதை சொன்னப்ப நான் கதவுக்குப் பின்னாடி இத வச்சிட்டு நின்னேன்."

ஹோய்ட்டின் பல் உள்ளே போனது. அவன் வாயைத் திறப்பதற்குள் குளம் திறந்துவிட்டது.

பெரிய முதலை ஏப்பம் விட்ட மாதிரி ஒரு சத்தம். நீலத் தண்ணீர் நடுவில் குழிந்தது, சுற்ற ஆரம்பித்தது. ரோஸ் நாரை ஒரு சுற்று வந்தது. இரண்டாவது சுற்றில் வேகம் கூடியது. வாண்டர்மியூலன் மனைவியின் கையைப் பிடித்தார். மூன்றாவது சுற்றில் நாரை தலையை ஒரு பக்கம் சாய்த்து, விருந்து முடிந்து விடைபெறுகிற மாதிரி, எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டது. கலர் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. வெகு கீழேயிருந்து, தெளிவாக, பியானோவில் இரண்டு சுரம் கேட்டது.

குழாய் மட்டும் காலிப் பள்ளத்துக்குள் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தது.

"இருக்க முடியாது!" என்று ஹோய்ட் அலறினான். "நாப்பது தப்படி! வேலியிலருந்து நாப்பது தப்படின்னுதானே அப்பா சொன்னாரு!"

"எது நாற்பது தப்படி?" என்றார் வாண்டர்மியூலன். பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. கேள்விக் காகிதம் புல்லில் கிடந்தது. வண்டி தெருமுனையில் இருந்தது.

ஹோய்ட் பள்ளத்தின் விளிம்பிலிருந்து பின்வாங்கி, புதர்வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெர்லீன் கிட்டே போனாள். ஒன்பது நாள் பழைய கிண்ணத்தை அவன் கையில் வைத்தாள். இந்த நேரத்துக்காக அவள் வார்த்தைகளைக்கூட எண்ணி வைத்திருந்தாள். ஆனால் வாய்விட்டுச் சொல்லும் ருசி எண்ணிவைத்ததைவிடப் பெரிதாக இருந்தது.

"எந்த வேலிண்ணே? நீ கப்பலேறினதும் அப்பா என்ன செஞ்சாருன்னு உனக்குத் தெரியாதுல்ல? கோடைக்குக் கோடை, ப்ரூயிட் ஊருக்குப் போனதும், வேலியப் பிடுங்கி ஓரடி தள்ளி நட்டாரு! நாந்தான் நூலு புடிச்சேன்! பதினெட்டு வருசம், பதினெட்டு அடி! நீ எண்ணின நாப்பது தப்படியும் ப்ரூயிட் நிலத்துலருந்து எண்ணினது! சீட்டு எழுதின கையால உன் குழிய நீயே தோண்டிக்கிட்டடா!"

ஹோய்ட்டின் முகம் அவள் ஆசைப்பட்டபடியே ஆயிற்று. பார்க்கப் பார்க்கத் தீரவில்லை.

"அம்மா," என்றாள் ட்வைலா.

"இரு, இன்னும் இருக்கு. இன்ஷூரன்ஸ் வெட்டினியே..."

"அம்மா. திரும்பு."

ஓக் மரத்தடியில் எல்வுட் ப்ரூயிட் நின்றுகொண்டிருந்தார். எண்பத்து நான்கு வயது, கையில் செடி வெட்டும் கத்தரி. குளம் ஏப்பம் விட்ட சத்தத்துக்கு வேலியைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். நாற்பது வருஷமாக இடி இடித்தாலும் திரும்பாத மனிதர். இரண்டு காதுக்குப் பின்னாலும் புத்தம் புதிதாக ஏதோ மின்னியது.

"மரம் நடந்துச்சுன்னு," என்றார் மெதுவாக, "என் பெஞ்சாதிகிட்ட முப்பது வருசம் சொன்னேன். அவ என்னைய டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனா."

ப்ரூயிட் கத்தரியின் வாயை மூடினார்.

"மாத்திரை கொடுத்தாங்க. சாகற வரைக்கும் அவ தினமும் எண்ணிக் கொடுத்தா. நானும் முழுங்கினேன்."

"பெரியவரே, அது எங்கப்பா..." என்று ஆரம்பித்தாள் வெர்லீன்.

"நூலு புடிச்சது யாருன்னு கேட்டுச்சு. இப்ப எல்லாம் நல்லாக் கேக்குது."

அவர் கத்தரியை மரத்தில் மாட்டினார். பின் பையிலிருந்து கொத்தனாரின் மடக்கு அளவுகோலை எடுத்தார். மரக்கோல், மூலைகள் தேய்ந்தது. கிழக்கு வேலிக்குத் திரும்பிப் போய், அடியில் மண்டியிட்டு, ஒரு முனையை வேலிக்காலில் ஊன்றினார். மறுமுனை வெர்லீனின் வீட்டுப் பக்கம் ஒவ்வொரு மடிப்பாக விரிந்தது. டக். டக். டக். கோல் தீர்ந்த இடத்தில் விரல் நகத்தால் கோடு போட்டு, மறுபடி விரித்தார்.

வெர்லீன் பின்னாலேயே ஓடினாள். ட்வைலா அவளுக்குப் பின்னால் ஓடினாள்.

"ட்வைலா, புதுப் பாலிசியில இதுக்கு ஏதாவது..."

"நிலம் கீழ போனாத்தாம்மா காசு. பக்கத்து வீட்டுக்குப் போனா கிடையாது."

தூரத்தில் ஹோய்ட் சிரிக்கும் சத்தம் கேட்டது. கையில் கிண்ணத்தோடு, வற்றிப்போன குளத்தின் ஓரத்தில், வீடும் விற்பனையும் போன மனிதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அளவுகோல் சமையலறைச் சுவரில் போய் முட்டியது. ப்ரூயிட் எண்ணைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்து, கூட்டிப் பார்த்தார். பதினோரு அடி. முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்து, சமையலறைக் கதவைக் காட்டினார்.

"திறம்மா," என்றார். "உள்ள இன்னும் ஏழு அடி பாக்கி."